கடைசிப் பக்கம் வரை

"புத்தகத்தைப் படிச்சிட்டு வந்து பேசுங்க" என்றாள் சந்திரமதி.

அவள் புத்தகத்தை அச்சடித்த கலியாணசுந்தரத்துக்குக் கோப்பி மூக்கில் ஏறியது. இருமினான், தும்மினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். காஜா பெராங்கிலிருந்து கிளேபாங் வரை பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவன் அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: "பெரிய மனுசங்ககிட்ட எதை வேணும்னாலும் கேளு தங்கச்சி. நாற்காலி கேளு, மைக் கேளு, ஆளுங்களை ஏத்திவர பஸ் கேளு. புத்தகத்தைப் படிங்கன்னு மட்டும் கேட்டுடாதே. ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாங்க."

அவள் உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டாள்.

எதிரே இருந்த பொன்னுதுரை மலாக்காவில் பாதி பஸ்களுக்குச் சொந்தக்காரர். எந்த விழாவானாலும் நடு நாற்காலி அவருக்குத்தான். சந்திரமதியின் முதல் புத்தகத்தை வெளியிடவும் என்ன புத்தகம் என்றுகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டிருந்தார். அழைப்பிதழையும் ஒரு பிரதியையும் கொடுத்துவிட்டு, கோப்பியைக் குடித்துவிட்டு, கும்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி.

"படிக்கணுமா?" என்றார் பொன்னுதுரை.

"ஆமா."

"நான் எத்தனையோ கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்கேன்லா. ஒரு ஆளு இப்படிக் கேட்டதில்ல."

"அதனாலதான் நீங்க பேசுறது எல்லாக் கூட்டத்துலயும் ஒரே மாதிரி இருக்கு."

கலியாணசுந்தரம் மறுபடியும் இருமினான். இந்தத் தடவை கோப்பி இல்லாமலேயே.

பொன்னுதுரை புத்தகத்தைப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. தாள்கள் ஓரத்தில் மடிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்துப் பெரிய கத்தி சாணை பிடிக்கப் போனது திரும்பி வரவில்லை. மண்டபத்துக்கு நாள் குறித்தாகிவிட்டதால் கலியாணசுந்தரம் ஓரம் வெட்டாமலேயே அட்டை போட்டுவிட்டான். கடைசித் தாள் மட்டும் தனியாகத் திறந்திருந்தது.

"இது தொறக்க மாட்டேங்குதே."

"வீட்டுல கத்தி இருக்கும்ல? ஒவ்வொரு மடிப்பா வெட்டிப் படிக்கலாம்."

"முழுசாவா?"

"கடைசிப் பக்கம் வரைக்கும்."

பொன்னுதுரை உள்ளே திரும்பி, "அப்பு! என் மூக்குக் கண்ணாடிய எங்க வச்சே?" என்று குரல் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கலியாணசுந்தரம் சன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டே வந்தான்.

"உனக்கு வாயி இல்லாம இருந்திருந்தா நீ எவ்வளவு பெரிய எழுத்தாளரா வந்திருப்பே, தெரியுமா?"

"எழுதுறது கையாலதாண்ணே."

"யார் சொன்னா? எழுதுறது கால்வாசி வேலை. முக்கால்வாசி, எழுதினது யாருன்னு ஊருக்குத் தெரிய வைக்கிறது. புதுசா வர்றவங்களுக்கு முதல்ல பேர் வேணும். எழுத்து நல்லாருக்கா இல்லையாங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"எழுத்து நல்லாருந்தா பேர் தானா வரும்."

"வரும். கருமாதி அன்னிக்கு வரும்."

சந்திரமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலியாணசுந்தரம் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அச்சடித்துப் பிழைப்பவன். அவனுக்குப் புத்தகமும் ஒரு பெரிய நோட்டீசுதான். நோட்டீசிலும் அவன் கைவரிசையைக் காட்டியிருந்தான். 'பட்டதாரிப் பெண் எழுத்தாளர்' என்ற எழுத்துகள் புத்தகத்தின் பெயரைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தன. புத்தகத்தின் பெயர், 'உஜோங் பாசிர் கதைகள்', எறும்பு ஊர்ந்தது போல் கீழே கிடந்தது.

பட்டதாரி என்பது பொய்யில்லை. அவள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். சிங்கப்பூர் போய் பி.ஏ. வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த நாளிலிருந்து தெருவே அவளைப் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டது. எழுதினாள் என்றால், "படிச்ச பிள்ளைல்ல, எழுதும்" என்றார்கள். என்ன எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. முதல் பிரதியைக் கையில் கொடுத்தபோது அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அட்டையில் குங்குமமும் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடுவதற்கே குளித்துவிட்டு வரவேண்டியிருந்தது. படிப்பதாவது!

அதனால்தான் சந்திரமதிக்கு மாலை வேண்டாம், மைக் வேண்டாம். இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை நிஜமாகப் படித்திருக்க வேண்டும். அது போதும்.

அவளும் கலியாணசுந்தரமும் எல்லாவற்றுக்கும் சண்டை போட்டார்கள். ஒன்றில் மட்டும் இருவருக்கும் சண்டையே இல்லை: எழுதுகிற வேலை முடிந்துவிட்டது. கடைசிக் கதையை அவள் அச்சகத்திலேயே, தாள் கட்டின் மேல் வைத்து முடித்துக் கொடுத்திருந்தாள். கோலாலம்பூருக்கு ரயிலில் போகும் ஒரு குடும்பத்தின் கதை. "மெர்டேக்காவை எங்கயாவது சேர்த்துடு தங்கச்சி. தெருவுல கட்டின கொடிய அவுக்கறதுக்குள்ள புத்தகம் வரணும்" என்று கலியாணசுந்தரம் தலைமாட்டிலேயே நின்றான். அச்சுக் கோப்பவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவளும் சேர்த்தாள். குடும்பம் திடலில் நின்று சுதந்திரக் கொடியேற்றத்தைப் பார்த்துக் கைதட்டியது. கதை முடிந்தது. மை காய்வதற்குள் அச்சுக் கோப்பவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இனி மற்றவர்கள் படிக்க வேண்டியதுதான் பாக்கி என்றாள் அவள். இனி விற்க வேண்டியதுதான் பாக்கி என்றான் அவன்.

மூன்றாம் நாள் காலை அச்சகத்து வாசலில் பொன்னுதுரையின் டிரைவர் அப்பு வந்து நின்றான். அப்பு பக்கத்துச் செட்டிக் கம்பத்து ஆள், பல தலைமுறையாக மலாக்காவிலேயே வாழும் செட்டி வம்சம். வீட்டில் மலாய்தான். தமிழ், முதலாளிக்குக் காடி ஓட்டி ஓட்டிக் கற்றுக்கொண்டது.

"முதலாளி சாகிட், நோனா. காய்ச்சல். கூட்டத்துக்கு வர முடியாது, சொல்லச் சொன்னார்."

கலியாணசுந்தரம் தாள் கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். "கேட்டியா? கேட்டியா? காய்ச்சலாம். படிங்கன்னு சொன்னா யாருக்குத்தான் காய்ச்சல் வராது?"

சந்திரமதி சைக்கிளை எடுத்தாள். காய்ச்சல்காரரைப் பார்க்க கிளேபாங் வரை போக வேண்டியிருக்கவில்லை. பண்டார் ஹிலிர் பஸ் நிற்குமிடத்தில் பொன்னுதுரை நட்ட நடு வெயிலில் நின்றுகொண்டு ஒரு கண்டக்டரை உண்டு இல்லையென்று ஆக்கிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவளைக் கண்டதும் பாதி வசவை வாயிலேயே விழுங்கினார்.

"காய்ச்சல் எங்கே?" என்றாள் சந்திரமதி.

"அது... உள்காய்ச்சல்."

"படிக்கப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லலாமே."

பொன்னுதுரை சுற்றுமுற்றும் பார்த்தார். கண்டக்டரை விரட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. தம்பின் ஸ்டேசன்ல ஒரு பொண்ணு தனியா நிக்குதே. வயசுப் பொண்ணு. அதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

மலாக்காவில் ரயில் கிடையாது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதோடு சரி. ரயிலேற வேண்டுமானால் பொன்னுதுரையின் பஸ்ஸைப் பிடித்துத் தம்பினுக்குத்தான் போகவேண்டும். பஸ் வராமல் எவளோ ஒருத்தி அங்கே நிற்கிறாள், அந்தத் தலைவலியை இவர் நம் தலையில் கட்டிப் பேச்சை மாற்றப் பார்க்கிறார் என்று சந்திரமதிக்கு உடனே புரிந்துபோயிற்று. அவளுக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும்.

"நான் கேட்டது என் புத்தகத்தைப் பத்தி. நீங்க உங்க பஸ் விவகாரத்தைப் பேசறீங்க."

"பஸ் விவகாரம் இல்ல தங்கச்சி..."

"பொண்ணு நிக்குதுன்னா பஸ்ஸை அனுப்புங்க!"

"நான் அனுப்பி என்ன பண்றது? நீல்ல அனுப்பணும்?"

"நான் என்ன, உங்ககிட்ட டிக்கெட் கிழிக்கிறவளா?"

பொன்னுதுரை அப்போதுதான் புறப்பட்ட ஒரு பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். சொந்த பஸ்ஸில் ஒரு முதலாளி அப்படித் தொற்றிக்கொண்டு போனதை அந்த இடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்ததைக் கேட்ட கலியாணசுந்தரம் தலையில் அடித்துக்கொண்டான். "நாளைக்கே வீட்டுக்குப் போ. போயி, ஐயா, தெரியாமச் சொல்லிட்டேன், நீங்க படிக்கவே வேணாம்னு சொல்லிட்டு வா."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப என்னதான் செய்யப் போற?"

"அவருக்கு நேரமில்லைன்னா நானே உக்காந்து வாசிச்சுக் காட்டுறேன். காது சும்மாதானே இருக்கு?"

மறுநாள் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளேபாங் வீட்டு வாசலில் போய் நின்றாள். அப்பு வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு காடியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"முதலாளி இல்ல, நோனா. தம்பின் போயாச்சு."

"காடி இங்கே நிக்குது?"

"பஸ்ஸுல போனார்."

"தம்பின்ல என்ன வேலை?"

"வேலை இல்ல. ஸ்டேசன் பார்க்க. அங்க பொம்பள உக்கார பெஞ்சு இருக்கா, ராத்திரிக்கு வெளக்கு இருக்கா, பார்க்கணும் சொன்னார்."

சந்திரமதிக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் யோசிக்கணும் அப்பு. உங்க முதலாளிக்கு அதுவும் வரலை."

"பொய் இல்ல நோனா, அவர்..."

"போதும். அவர் வர வேணாம்னு சொல்லு. வந்தாலும் அவர் ஏறுற மேடையில நான் ஏற மாட்டேன். அப்படியே சொல்லு."

"அலாமாக்!" என்றான் அப்பு. கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டுவிட்டான்.

அவள் சொன்னதை அப்பு அப்படியே சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் சாயங்காலத்துக்குள் ஊரே அதைச் சொன்னது. ஆனால் நோட்டீசு ஏற்கெனவே ஊர் முழுக்க ஒட்டப்பட்டிருந்தது. கலியாணசுந்தரம் ஓடி ஓடி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சேதுராமனைப் பிடித்தான். "அற்புதமான புத்தகம்! உருகிவிட்டேன்!" என்றார் சேதுராமன். பிரதி இன்னும் கலியாணசுந்தரத்தின் பைக்குள்தான் இருந்தது.

பிறகு 'சேதுராமன்' என்று துண்டுத் தாள் அச்சடித்து, ஒவ்வொரு நோட்டீசிலும் 'பொன்னுதுரை' என்ற பெயருக்கு மேல் ஒட்டினார்கள். அன்றைக்கென்று மழை அடித்து ஊற்றியது. காலையில் பார்த்தால் துண்டுத் தாள்கள் பாதி பிய்ந்து தொங்கின. கீழே பொன்னுதுரை எட்டிப் பார்த்தார்.

"பெரியவர் பேரை ஏன்பா மறைச்சிருக்கு?" என்று கோப்பிக் கடையில் ஒருவர் கேட்டார்.

"அந்தப் பொண்ணு புத்தகத்துல அவரைப் பத்தி எழுதிடுச்சாம்."

"அப்படியா? என்னன்னு?"

"எழுதக் கூடாததை எழுதியிருந்தாத்தானே கோவிச்சுக்குவாரு?"

சந்திரமதிக்குக் காது வரை சூடேறியது. நேராகக் கோப்பிக் கடைக்குள் நுழைந்தாள். பெண்கள் நுழைகிற கடையில்லை அது. "என் புத்தகத்துல அவரைப் பத்தி ஒரு வரிகூடக் கிடையாது. வேணும்னா படிச்சுப் பாருங்க!" என்றாள். அவள் வெளியே கால் வைத்ததும், "பார்த்தியா, என்ன கோவம் வருது! அப்ப நிச்சயமா என்னமோ இருக்கு" என்றது கடை.

அடுத்து முடிவெட்டும் கடையில் மறுத்தாள். கோயில் வாசலில் மறுத்தாள். மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம் மறுத்தாள். மீன்காரம்மா, "நீ பயப்படாதே பிள்ள, நாங்க இருக்கோம்" என்று ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தாள். மறுத்த இடமெல்லாம் பிரதி விற்றுப் போயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் ஒரு வரி எழுதவில்லை. தன் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை கட்டிக்கொண்டது.

கலியாணசுந்தரம் மட்டும் கையைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சந்தோஷத்தில் தேய்க்க ஆரம்பித்திருந்தான்.

"நான் ஆயிரம் நோட்டீசு அடிச்சிருந்தாலும் இது வந்திருக்காது, தங்கச்சி. நீ பொறந்ததே விளம்பரத்துக்குத்தான்!"

"நான் ஒண்ணும் விளம்பரம் பண்ணலை!"

"அதான் ரகசியமே. அப்படியே மறுத்துக்கிட்டே இரு."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, பெரியவரைப் பற்றி எழுதியது எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். சந்திரமதியின் கழுத்தில் மாலை விழுந்தது. அரித்தது.

சேதுராமன் பேச எழுந்தார். சங்க காலத்திலிருந்து தொடங்கினார். கடல் தாண்டினார், மலாயாவில் கரை இறங்கினார், சுதந்திரம் வாங்கினார். ஒருவழியாகப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"இந்தக் கடைசிக் கதையின் முடிவு இருக்கிறதே, அடடா! ரயிலேறி வந்த அந்தக் குடும்பம், ஒருவர் குறையாமல், அத்தனை பேரும் திடலில் நின்று, நம் கொடி ஏறுவதைப் பார்த்துக் கைதட்டுகிறார்களே! ஒருவர் குறையாமல்! இதுவல்லவா இலக்கியம்!"

கைதட்டல். சந்திரமதியே தலையை ஆட்டினாள். பரவாயில்லையே, கடைசிப் பக்கத்தையாவது படித்திருக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தாள். அப்புறம்தான் அவர் கையிலிருந்த பிரதி கண்ணில் பட்டது. திறந்திருந்த அந்தக் கடைசித் தாளைத் தவிர மற்ற எல்லா மடிப்பும் அப்படியே, குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி புத்தம் புதிதாக இருந்தன.

அவளுக்கு மண்டைக்குள் ஏதோ அறுந்தது. ஏற்புரைக்கு இன்னும் கூப்பிடவில்லை. எழுந்தாள். சேதுராமனின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி உயர்த்திப் பிடித்தாள்.

"இதைப் பாருங்க. மடிப்பு வெட்டலை. வெட்டாம இதைப் படிக்க முடியாது. இங்க இருக்கறவங்கள்ல மடிப்பு வெட்டின புத்தகம் யார்கிட்ட இருக்கு? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. தூங்கிய இருவரும் விழித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஏதோ ஓட்டெடுப்பு என்று கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த மனைவி இழுத்துக் கீழே விட்டாள்.

"தங்கச்சி, உக்காரு, உக்காரு" என்று கலியாணசுந்தரம் பல்லைக் கடித்தான்.

"ஒருத்தரை, ஒரே ஒருத்தரை, நேருக்கு நேர் கேட்டேன். படிச்சிட்டு வந்து பேசுங்கன்னு. அவர் படிக்கப் பயந்துக்கிட்டு இங்கிருந்து தம்பின் வரைக்கும் ஓடினார்!"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. கைதட்டியது. அவர்கள் காத்திருந்தது இதற்குத்தான். பின்வரிசையில் ஒருவர், "தம்பின் போற வழியில படிச்சிருப்பாரு!" என்று கத்த, இன்னும் பெரிய சிரிப்பு. கலியாணசுந்தரம் முகம் மலர்ந்து, கட்டை விரலால் மேசைக்குக் கீழே இருந்த புத்தகக் கட்டுகளைக் காட்டினான்: போகும், எல்லாம் போகும்.

அந்தக் கைதட்டலில்தான் சந்திரமதி முடிவெடுத்தாள். மாலையைக் கழற்றி மைக்கின் கழுத்தில் போட்டாள்.

"நான் எழுதி முடிச்சாச்சு. என் வேலை முடிஞ்சது. இனிமே யாரையும் படிங்கன்னு கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

"எங்க போற? கையெழுத்து வாங்க ஆளுங்க நிக்குறாங்க!"

"நீங்களே போட்டுக்குங்கண்ணே. உங்க எழுத்துதான் நோட்டீசுல பெருசா இருக்கு."

நடந்தாள். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே யாரோ அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், யாரோ வாழ்த்தினார்கள். எதுவும் காதில் ஏறவில்லை. குவாலா பிலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை காத்திருந்தது. நாளைக்கே போய்ச் சேருவாள். அங்கே அறை எடுப்பாள், கதவைச் சாத்துவாள், அடுத்த புத்தகத்தை எழுதுவாள். அதற்கு மாலை கிடையாது, மண்டபம் கிடையாது. 'உஜோங் பாசிர் கதைகள்' முடிந்துபோன விஷயம். திரும்பியும் பார்க்கப்போவதில்லை.

வாசலுக்கு வெளியே, மரத்தடியில் பொன்னுதுரையின் காடி நின்றது. உள்ளே யாருமில்லை. அப்பு ஒரு பெரிய ரோஜா மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெயிலில் நின்றான்.

"முதலாளி கொடுக்கச் சொன்னார், நோனா."

"மாலை அனுப்பத் தெரியுது. படிக்கத்தான் தெரியலை" என்றாள் சந்திரமதி. நிற்கவில்லை. அவனைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.

"படிச்சாச்சு நோனா, எல்லா மடிப்பும் நான்தானே கத்தி வச்சு வெட்டிக் கொடுத்தது" என்று அவள் முதுகுக்குப் பின்னால் அப்பு உரக்கச் சொன்னான். "கடைசிக் கதையில தம்பின் ஸ்டேசன்ல கோப்பி வாங்க ஒரு பொண்ணை எறக்கி விட்டீங்களே, ரயிலும் போயாச்சு, நீங்களும் போயாச்சு, அந்தப் பொண்ணு இன்னும் அங்கேயே நிக்குதான்னு கேட்டுட்டு வரச் சொன்னார்!"